கடல் கடந்த எண்ணுப் பெயர்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

சென்ற தவணையின் தொடக்கத்தில் ஒரு நாள், என் வகுப்பு மாணவர்களின் வீட்டுத் தொலைபேசி இலக்கங்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாரும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து இலக்கங்களை ஆங்கிலத்திலேயே ஒப்புவித்தார்கள். "தம்பி, தமிழிலே சொல்லும் பார்ப்போம்" என்றேன் ஒரு மாணவனிடம். அவன் பூச்சியம், ஏழு என்று தொடங்கி நாலாவது இலக்கத்திலே தடுமாறி நின்றுவிட்டான். பிறகு உதடுகளை அசைத்து ஆங்கிலத்திற் சொல்லிப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தமிழுக்கு மாற்றிச் சொல்லி முடித்தான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அன்று மாலை ஒருவர் என்னுடைய இலக்கத்தைக் கேட்டபோது நானும் ஆங்கிலத்திலேயே சொன்னேன் என்பதைச் சொல்லி முடித்த பின்னர்தான் உணர்ந்தேன்.

மறுநாள் அந்த மாணவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "சேர், மற்றச் சொற்களைக் கடன் வாங்கலாம். எண்ணுகிற சொல்லையுமா ஒரு சனம் கடன் வாங்கும்? அப்படி வாங்கினால் அவர்களுக்கு முதலிலே எண்ணத் தெரியாது என்றுதானே அர்த்தம்?" என்றான். நல்ல கேள்வி. அதற்கு வகுப்பிலே நான் சொன்ன பதில் போதியதன்று. அதனைச் சற்று விரிவாக இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். விடை தேடுவதற்கு மிகப் பொருத்தமான மொழி அறபு. அறபு மொழியின் எண்ணுப் பெயர்களைப் போல ஊர்கள் பல கடந்து, மொழிகள் பலவற்றிற் குடியேறிய எண்ணுப் பெயர்கள் உலகில் மிகச் சிலவே.

முதலில் அறபு எண்ணுப் பெயர்களைச் சற்று நோக்குவோம். வாஹித், இத்னான், தலாதா, அர்பஆ, கம்ஸா, ஸித்தா, ஸப்ஆ, தமானியா, திஸ்ஆ, அஷரா என்பன ஒன்று முதல் பத்து வரையானவை. நூறு, மிஆ, ஆயிரம், அல்ஃப். இவற்றை வாக்கியத்தில் ஆள்வதற்கு அறபு இலக்கணம் விதிக்கும் நிபந்தனைகள் கடினமானவை. மூன்று முதல் பத்து வரையான எண்கள் தாம் எண்ணும் பெயருக்கு எதிரான பாலை ஏற்கும். ஆண்பாற் பெயரை எண்ணினால் எண்ணுப் பெயர் பெண்பால் வடிவம் பெறும். பெண்பாற் பெயரை எண்ணினால் ஆண்பால் வடிவம் பெறும். இரண்டு பொருள்களைக் குறிக்க இருமை என்ற தனி எண் உண்டு. இருபத்தைந்தை 'ஐந்தும் இருபதும்' என்று சிறிய எண்ணை முன்வைத்தே சொல்வர்.

இவ்வளவு சிக்கலான ஒரு முறை அயல்மொழிகளுக்குள் எவ்வாறு புகுந்தது? இலக்கணம் புகவில்லை, பெரும்பாலும் சொற்களே புகுந்தன என்பதுதான் விடை.

சுவாஹிலியின் வாரத்தில் இரண்டு ஐந்தாம் நாள்கள்

கிழக்கு ஆபிரிக்கக் கரையோரத்திற் பிறந்து, இன்று தன்சானியா, கென்யா முதலிய நாடுகளிற் கோடிக்கணக்கானோர் பேசும் சுவாஹிலி மொழி, பாந்து மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் உடல் பாந்து. உடுத்த ஆடைகளிற் பல அறபு. அம்மொழியிற் பத்து வரை எண்ணிப் பாருங்கள்: மோஜா, ம்பிலி, தாத்து, ன்னே, தானோ, ஸித்தா, ஸாபா, நானே, திஸா, கூமி. ஐந்து வரை பாந்துச் சொற்கள். ஆறும் ஏழும் அறபு. எட்டு பாந்து. ஒன்பது அறபு. பத்து மீண்டும் பாந்து. இருபது முதல் இஷிரினி, தெலாதினி, அரொபைனி, ஹம்ஸினி என்று தொண்ணூறு வரை அறபு. நூறு, மியா, ஆயிரம், எல்ஃபு, அவையும் அறபே.

ஆறு, ஏழு, ஒன்பது ஆகியன போயின. எட்டும் பத்தும் ஏன் நின்றன? இங்கே ஒரு நுட்பம் உண்டு. பழைய பாந்து மொழியில் ஒன்று முதல் ஐந்து வரையும் பத்தும் உறுதியான வேர்ச்சொற்களாக இருந்தன. இடைப்பட்ட எண்களுக்கு மொழிக்கு மொழி வெவ்வேறு வடிவங்கள் நிலவின. பல மொழிகள் 'ஐந்தும் ஒன்றும்' என்பது போன்ற தொடர்களாற் காரியத்தை நடத்தின. எட்டுக்கு மட்டும் நாலை இரட்டித்து அமைத்த சொல் ஒன்று பரவலாக வழங்கியது. 'ன்னே' என்னும் நாலும் 'நானே' என்னும் எட்டும் உறவு என்பது காதுக்கே கேட்கிறதல்லவா? ஆகவே, வேரூன்றி நின்ற சொற்கள் அசையவில்லை; தளர்ந்திருந்தவை பெயர்ந்தன.

பெயர்ந்த சொற்களும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஆறுக்குத் 'தண்டாத்து' என்ற சொல் பழைய அகராதிகளிலே பதிவாகியுள்ளது. ஒன்பதுக்குக் 'கெண்டா' என்ற சொல் முதியோர் வழக்கிலும் செய்யுளிலும் உண்டு. ஏழைக் குறித்த 'ஃபுங்காத்தே' என்ற சொல்லோ அழகானதோர் இடத்திலே தஞ்சம் புகுந்தது. திருமணத்தின் பின் புதுமணத் தம்பதியர் வீட்டோடிருக்கும் ஏழு நாள்களுக்கு அதுவே பெயர். சந்தையிலே தோற்ற சொல் மணவறையிலே வாழ்கிறது. அந்த மாணவனின் ஐயத்துக்கு இதுவே முதல் விடை: அவர்களுக்கு எண்ணத் தெரிந்திருந்தது, சொற்களும் இருந்தன, இருந்தும் வாங்கினார்கள்.

ஏன் வாங்கினார்கள்? கரையோர நகரங்களின் வாழ்வை எண்ணிப் பார்த்தால் விளங்கும். பருவக்காற்றோடு அறபுப் பாய்க்கப்பல்கள் வரும், காற்றுத் திரும்பும்வரை மாதக்கணக்கில் வணிகர் தங்குவர், பெண் எடுப்பர், குடும்பமாவர். யாத்திரிகர் இபுன் பதூதா 1331 இல் மொகதீசு, மொம்பாசா, கில்வா ஆகிய நகரங்களுக்குச் சென்றபோது, அங்கே இசுலாம் நன்கு வேரூன்றியிருந்தது. பின்னர் ஓமானியச் சுல்தான் சயீத் 1840 அளவில் தம் அரசிருக்கையையே சன்சிபாருக்கு மாற்றிக்கொண்டார். யானைத் தந்தமும் கராம்பும் நிறுக்கப்பட்ட துறைமுகத்திலே பெரிய தொகைகள் பேசப்பட்டன. குர்ஆன் பள்ளியிலே சிறுவர் எழுத்தும் எண்ணும் ஒருங்கே பயின்றனர். சந்தையும் பள்ளிக்கூடமும் ஒரே மொழியிற் பேசினால் எண்ணுப் பெயர் அந்த மொழிக்குத்தான் செல்லும்.

ஆயினும் சுவாஹிலி தன் இலக்கணத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இருபத்தைந்தை 'இஷிரினி நா தானோ' என்றே சொல்லும். அதாவது, 'இருபதும் ஐந்தும்'. இருபது அறபு, ஐந்து பாந்து, அடுக்கிய வரிசையும் பாந்து. அச்சொற்களின் வடிவமும் ஒரு செய்தியைச் சொல்கிறது. ஏட்டிலக்கணப்படி எழுவாய் வேற்றுமையில் இருபது 'இஷ்ரூன்'. பேச்சறபிலோ எப்போதும் 'இஷ்ரீன்'. சுவாஹிலி வாங்கியது இஷ்ரீனை. ஆகவே, இச்சொற்கள் இலக்கண நூலிலிருந்து இறங்கவில்லை; மனிதரின் வாயிலிருந்து வந்தவை.

வாரநாள்களில் ஒரு வேடிக்கை உண்டு. சுவாஹிலியில் வெள்ளி 'இஜுமா'. மறுநாளாகிய சனி 'ஜுமாமோஸி', முதல் நாள். ஞாயிறு இரண்டாம் நாள். இப்படியே எண்ணிப் புதன் 'ஜுமாதானோ', ஐந்தாம் நாள். இவை பாந்து எண்கள். அதற்கு அடுத்த வியாழனுக்கோ 'அல்ஹமிஸி' என்று பெயர். அது அறபு, ஞாயிற்றிலிருந்து எண்ணும் அறபு முறைப்படி அதுவும் ஐந்தாம் நாள்! ஒரே வாரத்தில் இரண்டு ஐந்தாம் நாள்கள். ஆறாம் நாளே இல்லை. கணக்கு வாத்தியார் இதனைப் பிழை என்பார். மொழியைப் படிப்பவனுக்கோ, இரண்டு நாகரிகங்கள் ஒரே வீட்டிற் குடியிருந்ததற்கு இது சாட்சி.

இரண்டோடு நின்ற எண்ணிக்கை

வட ஆபிரிக்காவில் நிகழ்ந்தது வேறு. மொரோக்கோ, அல்ஜீரியா முதலிய நாடுகளில் அறபு வருவதற்கு முன்பிருந்தே வாழும் பேர்பர் மக்கள் தம்மை 'அமாசிக்' என்பர். ஏழாம் நூற்றாண்டிலிருந்து அறபு அங்கே ஆட்சியோடும் சமயத்தோடும் நகரத்தோடும் வந்தது. தென்மேற்கு மொரோக்கோவிலே பேசப்படும் தஷெல்ஹித் கிளைமொழி, யான், ஸின், க்ராட், க்குஸ் என்று பத்துவரை தன் சொந்த எண்ணுப் பெயர்களைக் காத்துவந்துள்ளது. சகாராப் பாலைவனத்துத் துவாரெக் மக்களோ நூறுக்கும் ஆயிரத்துக்குங்கூடத் தம் சொற்களை வைத்திருக்கிறார்கள். ஆனால், அல்ஜீரியாவின் கபில் மக்கள் எண்ணுவதைக் கேளுங்கள்: யிவென், ஸின், த்லாதா, ரெப்ஆ, கெம்ஸா. ஒன்றும் இரண்டுந்தான் சொந்தம்; மூன்றிலிருந்து அறபு. மொரோக்கோவின் வடகரையிலுள்ள ரீஃப் மலைநாட்டிலே இரண்டும் போய்விட்டது. ஒன்று மட்டும் மிஞ்சியது.

சுவாஹிலி சொற்களை வாங்கித் தன் இலக்கணத்துக்குள் அடக்கியது. கபில் மொழியிலோ இருபத்தொன்று, இருபத்திரண்டு என்னும் தொடர் எண்களிலே வரிசையும் அறபு முறையாயிற்று. சிறிய எண் முன்னே வரும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம், ஊடாட்டத்தின் அளவு. சுவாஹிலி பேசியோர் அறபைத் துறைமுகத்திற் சந்தித்தனர். கபில் மக்கள் அதனை வாராவாரம் சந்தையிலும், நீதிமன்றிலும், அயல் வீட்டிலும் சந்தித்தனர். பலர் இருமொழியாளராகவே வளர்ந்தனர். முதலிற் பெரிய தொகைகள் போயின. பின்னர் விலை, வயது, நேரம், திகதி. கடைசியில் விரல்விட்டு எண்ணுவதும். கபில் மொழி இறந்துவிடவில்லை. கவிதையும் பாடலும் அதிற் செழித்தே நிற்கின்றன. ஆயினும் அதன் எண்ணிக்கை இரண்டோடு நின்றுவிட்டது.

அண்மைக்காலத்திலே அம்மக்கள் இழந்ததை மீட்க முயல்கின்றனர். அமாசிக் மொழி மொரோக்கோவில் 2011 இலும் அல்ஜீரியாவில் 2016 இலும் அரசியலமைப்பின்படி ஆட்சிமொழித் தகுதி பெற்றது. எண்களைக் காத்து வைத்திருந்த கிளைமொழிகளிலிருந்து பழைய சொற்களை எடுத்துப் பள்ளிப் பாடங்களிற் கற்பிக்கிறார்கள். பாலைவனத்திலும் தென்மலைகளிலும் சொற்கள் பிழைத்திருந்ததால் இது இயன்றது. எல்லாக் கிளைகளும் ஒருங்கே இழந்திருந்தால் எங்கே போய் எடுப்பது?

மேற்கு ஆபிரிக்காவின் ஹௌசா மொழி இடைவழியை மேற்கொண்டது. ஒன்று முதல் பத்தொன்பது வரை சொந்தச் சொற்கள். அஷிரின், தலாத்தின், அர்பஇன் என இருபது முதல் தொண்ணூறு வரையான பத்துகள் அறபு. நூறும் ஆயிரமும் மீண்டும் சொந்தச் சொற்கள்.

கொடாமல் நின்றவர்கள்

இனி, அறபு எண்ணுப் பெயர்களுக்குக் கதவு திறவாத மொழிகளைப் பார்ப்போம். பாரசீகம் அறபிலிருந்து ஆயிரக்கணக்கிற் சொற்களை வாங்கிய மொழி; எழுத்தையே வாங்கிய மொழி. ஆயினும் யக், தோ, ஸே என்று தொடங்கிச் சத், ஹஸார் வரை தன் சொந்த எண்களையே சொல்கிறது. துருக்கியும் மலாயும் அவ்வாறே. காரணம், இவற்றிடம் பெருந்தொகைகளை எண்ணிப் பழகிய அரசும் வணிகமும் கணக்கரும் முன்னமே இருந்தமை. ஆனாலும், வேறு வழிகளால் அறபு உள்ளே வந்தது. 'முதல்' என்பதற்குரிய 'அவ்வல்' பாரசீகத்திலும் உருதுவிலும் வழங்குகிறது. அதுவே மலாயில் 'தொடக்கம்' என்று பொருள்படும். மலாய் வாரநாள்களான இஸ்னின், ஸெலாஸா, ராபு, காமிஸ் ஆகியவை அறபு இரண்டு, மூன்று, நாலு, ஐந்தேயன்றி வேறல்ல. எண்ணும்போது மலாய்ச் சொல். நாளைச் சொல்லும்போது அறபு எண்.

இதனினும் விந்தையானது 'ஸியாக்' என்னும் கணக்கெழுத்து முறை. ஓட்டோமன் பேரரசிலும் ஈரானிலும் முகலாய இந்தியாவிலும் வருவாய்க் கணக்கர் கையாண்ட குறியீடுகள் இவை. அறபு எண்ணுப் பெயர்களை விரைவாக எழுதி எழுதிச் சுருக்கியதாற் பிறந்தவை. எழுதிய கணக்கன் வாயால் வாசிக்கும்போது தன் மொழியிலேயே வாசித்திருப்பான். அவன் கை எழுதியதோ உருக்குலைந்த அறபுச் சொல். வாய் மறுத்ததைக் கை ஏற்றுக்கொண்டது.

தமிழின் நிலை என்ன? அறபு வணிகரின் பாதையிலேதான் நம் நாடும் இருந்தது. இபுன் பதூதா 1344 இல் இலங்கைக்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியின் அவையில் உபசரிக்கப்பட்டார். அம்மன்னருக்குப் பாரசீகம் விளங்கியது என்று எழுதியுள்ளார். 1911 இல் காலியிற் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு அரும்பொருளகத்திலுள்ள, 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் சீனக் கடற்றளபதி செங் ஹோவின் கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிற் காணிக்கைப் பொருள்களைக் குறிக்கின்றது. அக்கடற்பரப்பிலே தமிழும் ஒரு வணிக மொழி என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை. பிறருடைய எண்களை வாங்கவேண்டிய நிலையில் தமிழ் இருக்கவில்லை. தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் அறபெழுத்திலே தமிழை எழுதும் அறபுத் தமிழை வளர்த்தபோதும், எண்ணியது தமிழிலேயே.

இதற்கு ஓர் இலக்கியச் சான்றும் தரலாம். இன்று முழுமையாகக் கிடைக்கும் இசுலாமியத் தமிழ் இலக்கியங்களுள் மிகப் பழையது, வண்ணப் பரிமளப் புலவர் பாடி 1572 இல் மதுரையில் அரங்கேற்றிய 'ஆயிரம் மசலா'. மசலா என்பது அறபு. வினா என்று பொருள். ஆயிரமோ தமிழ் வழக்கு. இதே வினாவிடைக் கதை மலாயிலும் 'ஹிகாயத் ஸெரிபு மஸாலா' என்று வழங்குகிறது; அங்கும் மசலா அறபு, 'ஸெரிபு' என்னும் ஆயிரம் மலாய். வினாவைக் கடன் வாங்கினார்கள். எண்ணிக்கையைத் தமதாகவே வைத்துக்கொண்டார்கள்.

உலகறிந்த இன்னொரு நூலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அறபிலே அதன் பெயர் 'அல்ஃப் லைலா வ லைலா'. பத்தாம் நூற்றாண்டில் இபுன் அந்நதீம் எழுதிய நூற்பட்டியல், இதன் மூலமாகிய பாரசீக நூலை 'ஹஸார் அஃப்ஸான்', ஆயிரம் கதைகள், என்று குறிப்பிடுகின்றது. ஆயிரம் இரவுகளுக்கு இருநூறு கதைகள்கூட இல்லை என்றும் கூறுகின்றது. தமிழில் அது 'ஆயிரத்தொரு இரவுகள்'. துருக்கியர் தம் சொல்லாகிய 'பின்' என்பதைக் கொண்டு 'பின்பிர் கெஜே' என்றனர். சுவாஹிலியிலோ 'அல்ஃபு லேலா உ லேலா'. ஆயிரமும் இரவும் இரண்டுமே அறபு! ஒரு நூலின் தலைப்பை மட்டும் வரிசையாக வைத்தாலே, எந்த மொழி எந்த அளவுக்கு அறபுக்கு இடங்கொடுத்தது என்று காட்டிவிடலாம். 'ருபாயியாத்' என்று நாம் அறிந்த உமர் கையாமின் பாடல்களும் எண்ணாற் பெயர் பெற்றவையே. 'அர்பஆ' என்னும் நாலின் வேரிலிருந்து பிறந்தது ருபாயி; நாலடியாற் பாடியது. நாலடியார் என்று ஒரு நூலுக்குப் பெயர் வைத்த நமக்கு அதன் சுவை உடனே புரியும். கவிமணி அப்பாடல்களைத் தமிழாக்கியபோது நாலடி தன் இன்னொரு வீட்டுக்கு வந்தது எனலாம்.

நம் வீட்டுக் கணக்கு

இந்த இடத்திலே சிலர், "பார்த்தீர்களா, தமிழ் எவரிடமும் எண்ணைக் கடன் வாங்கவில்லை" என்று பெருமிதங்கொள்ளக்கூடும். சற்றுப் பொறுங்கள். நாம் இவ்வளவு நேரம் தமிழ் வழக்கு என்று சொல்லிவந்த 'ஆயிரம்' எங்கிருந்து வந்தது? வடமொழியின் 'ஸஹஸ்ர' என்பது பிராகிருத வழியாகத் தென்னகத்துக்கு வந்து, கன்னடத்திலே 'சாவிர' என்றும் தமிழிலே 'ஆயிரம்' என்றும் ஆயிற்று என்பது மொழிநூலார் பலரின் கருத்து. தெலுங்கின் 'வேயி' மட்டுமே திராவிடச் சொல்லாக நிற்கிறது. வடமொழி ஸஹஸ்ரவும் பாரசீக ஹஸாரும் ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள். அப்படியானால் ஹஸார் அஃப்ஸானும் ஆயிரத்தொரு இரவுகளும் தூரத்து உறவினரே! சங்கப் பாடல்களிலேயே ஆயிரம் இயல்பாக வழங்குகிறது. அச்சொல்லால் தமிழ் குறைந்துபோகவில்லை.

இழப்பும் நமக்குப் புதிதன்று. ஒன்பதைக் குறிக்கத் 'தொண்டு' என்ற சொல் தொல்காப்பியத்தில் வருகின்றது. இன்று அது எங்கே? பத்தைச் சார்ந்து அமைந்த 'ஒன்பது' அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சுவாஹிலியின் கெண்டாவுக்கு நேர்ந்ததே நம் தொண்டுக்கும் நேர்ந்தது. ஒன்றை அயலவர் சொல் பெயர்த்தது, மற்றதை வீட்டுச் சொல்லே பெயர்த்தது என்பதே வேறுபாடு.

கொடுத்தவரும் வாங்கியவரே. ஆயிரத்துக்கு மேல் அறபிலே தனிச்சொல் இல்லை. பத்து இலட்சத்தை 'ஆயிரம் ஆயிரம்' என்றே சொல்லிவந்தனர். இன்று ஐரோப்பியரிடமிருந்து பெற்ற 'மில்யூன்' அங்கே வழங்குகிறது. இந்தியாவைப் பற்றி எழுதிய இபுன் பதூதா, 'லக்' என்ற சொல்லை அப்படியே எடுத்தாண்டு, அது நூறாயிரம் என்று தம் மக்களுக்கு விளக்குகிறார். அந்த இலட்சமே இந்திய வணிகரோடு கிழக்கு ஆபிரிக்காவுக்குச் சென்று சுவாஹிலியில் 'லக்கி' ஆயிற்று. மலாயில் 'லக்ஸா' ஆகிப் பத்தாயிரமாகச் சுருங்கியது. நாம் தொலைபேசி 'இலக்கம்' என்று சொல்லுகிறோமே, அந்த இலக்கமும் இந்த உறவிற் சேர்ந்ததே.

எல்லாவற்றிலும் நெடும் பயணம் செய்த சொல் வெறுமையைக் குறிப்பது. இந்தியர் 'சூன்ய' என்றதை, இந்தியக் கணக்கு முறையை ஏற்ற அறபு அறிஞர் தம் மொழியில் 'ஸிஃப்ர்', வெறுமை, என்று பெயர்த்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி அம்முறையை விளக்கி நூல் செய்தார். இத்தாலியரான ஃபிபொனாச்சி 1202 இல் எழுதிய நூலில் அச்சொல் இலத்தீன் வடிவம் பெற்றது. அது இரண்டு கிளையாகப் பிரிந்தது: ஒன்று 'சீரோ', மற்றது 'சைபர்'. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அச்சொல்லின் உறவுகள் எண்ணுருவையே குறிக்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியோடு சைபர் நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. என் தகப்பனார் தலைமுறையினர் பரீட்சையிற் சைபர் வாங்கினார்கள். நாங்கள் பூச்சியம் வாங்கினோம். இந்தியாவிலிருந்து பக்தாதுக்கும், அங்கிருந்து இத்தாலிக்கும், அங்கிருந்து இங்கிலாந்துக்கும் போய், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அலைந்து, உருமாறிய சூன்யம் நம் கரும்பலகைக்கு வந்து சேர்ந்தது. வந்தவனை நாம் அடையாளம் காணவில்லை.

ஆகவே, என் மாணவனுக்கு நான் சொல்லவேண்டிய விடை இதுதான். எண்ணுப் பெயரைக் கடன் வாங்குவது எண்ணத் தெரியாமையால் அன்று. பொருள் விற்கும் இடமும் பிள்ளை படிக்கும் இடமும் எந்த மொழியிற் பேசுகின்றனவோ, எண் அந்த மொழிக்குப் போகும். கடன் வாங்குவதாலேயே மொழி தாழ்ந்துவிடுவதும் இல்லை. சுவாஹிலி அச்சொற்களோடுதான் ஒரு பெருநிலத்தின் பொதுமொழியாயிற்று. வாங்கிய சொல்லைத் தன் வரிசையிலே நிறுத்தத் தெரிந்த மொழி, வாங்கியதால் வளர்கிறது.

ஆனால், அவன் கேள்விக்கு இன்னொரு பாதியும் உண்டு. அது எங்களைப் பற்றியது. கபில் மக்கள் ஒரு நாள் கூடித் தீர்மானித்துத் தம் எண்களைக் கைவிடவில்லை. அந்தந்த வேளைக்கு எளிதாயிருந்த சொல்லைச் சொன்னார்கள், அவ்வளவுதான். இன்று நம் வீடுகளிலே திகதி ஆங்கிலத்தில், பேருந்தின் இலக்கம் ஆங்கிலத்தில், புள்ளிகள் ஆங்கிலத்தில், தொலைபேசி இலக்கமும் ஆங்கிலத்தில். அரிசியையும் தேங்காயையும் எண்ணும்போதுதான் தமிழ் மிஞ்சியிருக்கிறது. முதலிற் பெரியவை போகும், பின்னர் சிறியவை போகும் என்று வட ஆபிரிக்காவின் வரலாறு நமக்குச் சொல்லிவிட்டது. கபில் மொழிக்குத் தெற்கிலே ஒரு துவாரெக் மொழி இருந்தது. நமக்கு அப்படிக் காத்து வைத்திருக்கும் பாலைவனம் ஏதும் இல்லை.

அடுத்த தவணையிலும் இலக்கங்களைக் கேட்டு எழுதவேண்டியிருக்கும். தமிழிலே சொல்லும்படி பிள்ளைகளைக் கேட்பேன். ஆனால், இம்முறை என்னுடைய இலக்கத்தை முதலிற் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன். அதற்காக இரண்டு நாளாக வீட்டிலே சொல்லிப் பழகுகின்றேன். நாலாவது இலக்கத்திலே எனக்கும் ஒரு கணம் நாக்குத் தடுமாறுகிறது.